குடியும் பிரசையும்: ஒரு சொல் எழுப்பும் அறவினா

இலங்கையின் சட்டநூல்களில் ஒரே மனிதனுக்கு மூன்று மொழிகளில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. ஆங்கிலம் அவனைச் 'சிற்றிசன்' என்கிறது. சிங்களம் 'புரவெசியா' என்கிறது. தமிழ் 'பிரசை' என்கிறது. சட்டத்தின் நோக்கில் இவை ஒருபொருட் கிளவிகள். ஒன்றுக்குரிய உரிமையும் கடமையும் மற்றையவற்றுக்கும் உண்டு. ஆயினும் சொற்களின் வேரைத் தோண்டிப் பார்ப்போருக்கு இவை மூன்று வேறு மனிதர்களைக் காட்டும். முதலாமவன் நகர மக்களின் கூட்டொன்றைச் சேர்ந்தவன். இரண்டாமவன் நகரில் வசிப்பவன். மூன்றாமவனோ பிறந்தவன், அதாவது பிள்ளை. தமிழகத்தார் இதே பொருளுக்கு ஆளும் 'குடிமகன்' என்னும் சொல்லையும் உடன் வைத்து நோக்கினால் நான்காவது மனிதன் ஒருவனும் வந்து நிற்பான். அவன் ஒரு வீட்டைச் சேர்ந்தவன்.

ஒருவன் ஒரு நாட்டுக்கு உரியவனாவது எதனால்? அங்கு பிறந்தமையாலா, வாழ்ந்து வருவதாலா, உடன் வாழ்வோர் தம்முள் ஒருவனாக அவனை ஏற்பதாலா, அன்றி ஆள்வோர் ஏட்டிலே பதிந்து கொள்வதாலா? மெய்யியலார் நூற்றாண்டுகளாக விவாதித்து வரும் இவ்வினாவுக்கு மொழிகள் தத்தம் விடையை முன்னரே சொல்லி வைத்துவிட்டன. ஆதலால் இச்சொற்களை ஆராய்வது புலவர் பொழுதுபோக்கு அன்று. இவ்விடைகளுள் எது ஏற்கப்பட்டது என்பதைப் பொறுத்து, இந்நாட்டில் பல இலட்சம் மக்கள் 1948ஆம் ஆண்டில் நாடுள்ளவராகவோ நாடற்றவராகவோ ஆயினர்.

'பிரசை' என்பது வடமொழிப் 'பிரஜா' என்பதன் தமிழ் வடிவம். 'ஜன்' என்னும் வினையடி பிறத்தலைக் குறிக்கும். 'பிர' என்னும் முன்னொட்டு அதனோடு சேர, மகவு, வழித்தோன்றல், உயிரினம் என்னும் பொருள்கள் பிறந்தன. படைப்புக் கடவுள் 'பிரஜாபதி' எனப்பட்டதும் இதனாலேயே. மகவைக் குறித்த இச்சொல் அரசனால் ஆளப்படுவோரைக் குறிக்கத் தலைப்பட்டமை தற்செயலாக நிகழ்ந்ததன்று. அரசன் தந்தை, ஆளப்படுவோர் மக்கள் என்னும் கருத்து அதனுள் அடங்கியுள்ளது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகன் கலிங்க நாட்டிலே, தௌலியிலும் ஜௌகடத்திலும், தன் அதிகாரிகளுக்குப் பொறிப்பித்த சாசனங்களில் மாந்தர் அனைவரும் தன் மக்களே என்று கூறுகின்றான். அவ்விடத்து அவன் ஆளும் பிராகிருதச் சொல் இச்சொல்லே. காளிதாசனோ ஒருபடி மேலே செல்கின்றான். இரகுவமிசத்தில் வரும் திலீப மன்னனே தன் நாட்டாருக்கு மெய்யான தந்தை. பெற்றவர்கள் பிறப்புக்குக் காரணமானோர் மாத்திரமே என்பது அவன் கருத்து.

இவ்வுருவகத்தில் அன்பு இல்லை எனல் முடியாது. ஆயினும் அசோகன் எந்நிலத்தவரைத் தன் மக்கள் என்கிறான் என்பதை நோக்குதல் வேண்டும். அது அவன் போரில் வென்ற நிலம். பெருந்தொகையானோர் மாண்ட நிலம். வென்றவன் தந்தையாகிறான், தோற்றோர் பிள்ளைகளாகின்றனர். பிள்ளை தந்தையிடம் பாதுகாப்புக் கேட்கலாம், உணவு கேட்கலாம். ஆட்சிக்குக் கணக்குக் கேட்பது அவ்வுறவில் இயலாத காரியம். இன்னொன்றும் உண்டு. பிள்ளையென்று ஏற்பதும் ஏற்காது விடுவதும் தந்தையின் கையில் உள்ளன. 'பிரசை' என்ற சொல்லைத் தமிழில் எழுதும்போது கிரந்த எழுத்தை நீக்கிச் சகரம் இட்டுக் கொண்டோம். சொல்லுக்குள் இருந்த தந்தை அவ்வாறு எளிதில் நீங்கினாரல்லர்.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'குடி' என்பது திராவிட மொழிகளுக்குப் பொதுவான பழஞ்சொற்களுள் ஒன்று. அதன் முதற்பொருள் வீடு, உறைவிடம் என்பதாகும். குடில், குடிசை, குடியிருப்பு, குடித்தனம், குடிபுகுதல், குடிபெயர்தல் எனப் பெருகிய சொற்கள் யாவும் அப்பொருளைச் சுற்றியே நிற்கின்றன. தெலுங்கிலும் கன்னடத்திலும் 'குடி' என்றால் கோயில்; அஃதாவது இறைவனின் இல்லம். வீட்டைக் குறித்த சொல் வீட்டில் வாழும் குடும்பத்துக்கும், குடும்பம் வளர்ந்த மரபுக்கும், மரபினர் கூடியிருந்த ஊருக்கும் ஆகி வந்தது. தூத்துக்குடி, காரைக்குடி முதலியனவும், நம் கிழக்கிலங்கையின் காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி முதலியனவும் இவ்வளர்ச்சியின் சான்றுகள். இறுதியில் ஓர் அரசனின் நாட்டில் வாழ்வோர் அனைவருக்கும் அது பெயராயிற்று.

இவ்வரலாற்றைப் படிக்கும் தமிழ் மாணவன் உள்ளம் மகிழ்வது இயல்பு. வடமொழிச் சொல் ஆளப்படுவோனைப் பிள்ளையாக்கியது. ஆங்கிலேயர் தம் பேரரசில் வழங்கிய 'சப்ஜெக்ட்' என்னும் சொல்லோ, அதன் இலத்தீன் மூலத்தின்படி, ஒருவனைக் கீழே இடப்பட்டவனாக்கியது. தமிழ்ச் சொல் மட்டும் அவனுக்கு ஒரு வீட்டைக் கொடுத்தது என்று முடிவுகட்ட மனம் விரையும். மேடைப் பேச்சுக்கு அது போதும். சொல் வழங்கிய வரலாறு அவ்வளவு இனியதன்று.

திருக்குறளை எடுத்துக்கொள்வோம். 'குடிமை' என்றோர் அதிகாரமும் 'குடிசெயல்வகை' என்றோர் அதிகாரமும் அந்நூலில் உள. முன்னையது உயர்குடிப் பிறப்பின் பண்புகளைக் கூறுவது; பின்னையது தான் பிறந்த குடும்பத்தை உயரச் செய்யும் வகை பற்றியது. இரண்டிலும் 'குடி' என்பது ஒருவன் பிறந்த குலமாகும். ஆனால் 'இறைமாட்சி' அதிகாரம் அரசனுக்கு வேண்டிய ஆறனுள் ஒன்றாகக் 'குடி'யை எண்ணும்போது அச்சொல் ஆளப்படும் மக்கட் பரப்பைக் குறிக்கின்றது. படை, கூழ், அமைச்சு, நட்பு, அரண் ஆகியவற்றோடு குடியும் அரசனின் உடைமையாகக் கூறப்படுகின்றது. ஒருவன் பிறந்த குடி அவனுக்கு உரியது. அவனே குடியாகும்போது, அவன் மற்றொருவனுக்கு உரியவன். ஒரே சொல் மேலே நிற்போனுக்குப் பெருமையையும் கீழே நிற்போனுக்கு உடைமை நிலையையும் தந்து நிற்கும் இம்முரண் மிக நுணுகி நோக்கற்பாலது.

சோழர் காலக் கல்வெட்டுகள் இதனை மேலும் தெளிவாக்கும். கோயிலுக்கு நிலம் வழங்கும்போது 'குடிநீக்கிய தேவதானம்' என்றும் 'குடிநீங்காத் தேவதானம்' என்றும் இருவகையாக வழங்கினர். முன்னையதில் அந்நிலத்தில் இருந்து பயிரிட்டோரின் உரிமை நீக்கப்பட்டு நிலம் மட்டும் கைமாறும். பின்னையதில் குடிகள் நீங்காது நிலத்தோடு இருப்பர். அவர்கள் செலுத்தும் பங்கு மட்டும் புதிய உரிமையாளருக்குச் செல்லும். எத்தனை தலைமுறை ஏர் பிடித்தவராயினும், நீங்குவதா நீங்காதிருப்பதா என்பது குடிகளின் முடிவன்று. தானம் செய்வோனின் விருப்பம் ஓலையில் ஒரு சொல்லாக எழுதப்பட்டு, அச்சொல்லால் ஒரு குடும்பத்தின் இருப்புத் தீர்மானமாயிற்று. விளைவை மேல்வாரம், குடிவாரம் எனப் பகுத்த வழக்கிலும் இவ்வமைப்பின் தடயத்தைக் காணலாம். குடி என்பவன் நிலத்தில் இருப்பவன். நிலத்தை உடையவன் வேறொருவன்.

எனவே 'குடி' என்ற சொல்லின் பின்னால் எப்போதும் ஒரு வினா ஒளிந்து நின்றது: யாருடைய குடி? 'பிரசை' என்பதன் பின்னால் 'யாருடைய பிள்ளை?' என்ற வினா நின்றதைப் போன்றதே இதுவும். கம்பன் இவ்வமைப்பைத் தலைகீழாக்க முயன்றதாகக் கூறுவர். புறநானூற்றில் மோசிகீரனார் மன்னனை உலகின் உயிராகக் காண, கம்பன் தயரதனை உயிர்களெல்லாம் உறையும் உடம்பாகக் கண்டான் என்பது வகுப்பறைகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஒப்பீடு. அழகிய மாற்றமே. ஆயினும் உயிராயினும் உடம்பாயினும் அரசன் ஒருவன் நடுவில் இருந்தே தீருகின்றான்.

இவ்வினா யாழ்ப்பாணத்தில் பெற்ற வடிவத்தைச் சொல்லாது விடுவது நேர்மையாகாது. பழைய அகராதிகள் 'பதினெண் குடிமக்கள்' என்று ஊருக்குத் தொழில் செய்யும் சாதியினரை எண்ணும். யாழ்ப்பாணத்து வழக்கில் 'குடிமக்கள்' எனப்பட்டோர் முடிதிருத்துதல், சலவை செய்தல் முதலிய தொழில்களை நிலவுடைமைக் குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரக் கடமைப்பட்டோராவர். 'குடிமை' என்றால் அக்கடமை. திருமண வீட்டிலும் சாவீட்டிலும் அவர்கள் வந்தே ஆக வேண்டும். வராதொழிவது உரிமையன்று, குற்றம். 'அடிமை குடிமை' என்று இரண்டையும் இணைத்தே மக்கள் பேசினர். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட தேசவழமை அடிமைகளைப் பற்றிய விதிகளையும் கொண்டிருந்தது. ஆங்கிலேயர் 1844இல் அடிமை முறையைச் சட்டத்தால் ஒழித்தனர். குடிமை முறையோ சட்டத்தின் கண்ணில் ஓர் 'ஊர்வழக்கு' மட்டுமே. ஆதலால் ஒழிக்கப்படுவதற்கும் அது அகப்படவில்லை. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்தது. அதன் பின்னரும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் உள்ளே செல்ல வேண்டி மக்கள் போராட நேர்ந்தது.

இப்பின்னணியில் 'குடிமகன்' என்ற சொல் இருபதாம் நூற்றாண்டில் மேலைநாட்டு அரசியற் கருத்தொன்றின் மொழிபெயர்ப்பாக உயர்த்தப்பட்டமை வியப்புக்குரியது. முன்னர் ஊருக்கு ஊழியம் செய்தோனின் பெயர் இப்போது நாட்டை ஆளும் உரிமையுடையோனின் பெயர். இம்மாற்றத்தைத் திட்டமிட்டுச் செய்த புரட்சி என்று கருத வேண்டியதில்லை. சொல் தேடியோர் தமிழ் வேரொன்றை நாடினர், அவ்வளவே. ஆயினும் இலங்கைத் தமிழர் அரச கருமங்களில் 'பிரசை'யையே பற்றி நின்றதற்கு, 'குடிமக்கள்' என்ற சொல்லை இங்குள்ள உயர்சாதியினர் தமக்குப் பெயராக ஏற்கக் கூசியதும் ஒரு காரணமாயிருக்கலாம் என எண்ண இடமுண்டு. (தமிழகத்தில் மதுவருந்துவோரைக் 'குடிமகன்' என்று எள்ளும் சிலேடை வேறு கதை.)

கிழக்கிலே இச்சொல்லுக்குப் பிறிதொரு வாழ்வு உண்டு. மட்டக்களப்புப் பகுதியில் 'குடி' என்பது தாய்வழி வரும் மரபுக் கூட்டம். பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் மணவினை கொள்வதில்லை. கோயிற் கருமங்களும் திருவிழா மரியாதைகளும் குடிகளுக்கென வகுக்கப்பட்டுள்ளன. தமிழரிடையே மட்டுமன்றி அப்பகுதி முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடிகள் உண்டு. பள்ளிவாசல் நிருவாகத்திலும் அவற்றுக்கு இடமிருந்தது. சமயத்தால் வேறுபட்ட இரு சமூகங்கள் ஒரே சொல்லால் தம்மை வகுத்துக் கொண்டமை இத்தீவின் சமூக வரலாற்றில் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தியாகும். இந்தத் தாய்வழியைப் பின்னர் மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

வாழ்தல் ஒன்றே ஒருவனை நாட்டுக்கு உரியவனாக்கப் போதுமா என்னும் தடையை இவ்விடத்தில் எதிர்கொள்ளுதல் வேண்டும். அத்தடையை முதன்முதல் தெளிவாக எழுப்பியவர் அரிஸ்டோட்டில். 'அரசியல்' என்னும் நூலின் மூன்றாம் பகுதியில், ஓரிடத்தில் வசிப்பதால் மட்டும் ஒருவன் நகரத்தின் உறுப்பினனாக மாட்டான் என்கிறார். வெளியூரிலிருந்து வந்து குடியேறியோரும் அடிமைகளும் அதே இடத்தில் வசிக்கின்றனரே! தீர்ப்பளிப்பதிலும் ஆட்சிப் பொறுப்பிலும் பங்குகொள்பவனே உறுப்பினன் என்பது அவர் தரும் வரைவிலக்கணம். பிறப்பை அடிப்படையாகக் கொள்ளும் விளக்கத்தையும் அவர் ஐயுறுகின்றார். பெற்றோரும் பாட்டனாரும் உறுப்பினராயிருத்தல் வேண்டுமெனில், நகரத்தை முதன்முதல் அமைத்தோர் யாருடைய மக்கள் என்னும் வினாவுக்கு அவ்விளக்கத்தில் விடையில்லை. இதனை எழுதியவர் ஸ்தகிராவிற் பிறந்து ஏதென்சில் வாழ்ந்தவர். தம் வரைவிலக்கணப்படி தாமே ஏதென்சின் உறுப்பினர் அல்லர். அத்தகையோரைக் கிரேக்கர் 'மெற்றொய்க்கொஸ்' என்றனர். 'ஒய்க்கொஸ்' என்றால் வீடு. ஆகவே நம் மொழியில் குடிபெயர்ந்தவர் என்றே கொள்ளலாம். அவர்கள் ஆண்டுதோறும் தலைவரி செலுத்தினர், போரில் பணியாற்றினர், நகர மன்றத்தில் பேசவும் வாக்களிக்கவும் அவர்களுக்கு இடமில்லை.

கி.மு. 451இல் பெரிக்கிளிஸ் கொண்டுவந்த சட்டம் தாய் தந்தை இருவரும் ஏதென்சைச் சேர்ந்தோராயிருத்தல் வேண்டும் என்றது. பின்னர் கொள்ளைநோயில் தம் புதல்வர் இருவரும் மாண்டபோது, அயலூர்ப் பெண்ணான அஸ்பாசியாவிடம் தமக்குப் பிறந்த மகனை ஏதென்சினனாக ஏற்கும்படி அதே மன்றத்தை அவர் வேண்ட நேர்ந்தது. மன்றமும் இரங்கியது. இரக்கத்துக்கு அத்துணை செல்வாக்கு உள்ளோர் எல்லா நாட்டிலும் இருப்பதில்லை.

இலத்தீன் மொழியில் நிலைமை சற்று வேறு. கிரேக்கத்தில் நகரத்தின் பெயரிலிருந்து உறுப்பினனின் பெயர் பிறந்தது. இலத்தீனிலோ 'சிவிஸ்' என்னும் உறுப்பினனின் பெயரிலிருந்தே நகரக் கூட்டத்தின் பெயர் பிறந்தது. பிரான்சிய மொழியறிஞர் எமில் பென்வெனிஸ்ட் இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டி, 'சிவிஸ்' என்பதன் மூலப்பொருள் 'உடன் வாழ்பவன்' என்பதே என்றார். ஒருவன் தனியே 'சிவிஸ்' ஆதல் இயலாது. இன்னொருவனுக்கே அவன் 'சிவிஸ்'. நண்பன், அயலவன் என்பன போல் இருபாலும் ஒத்து நிற்கும் உறவுச் சொல் அது. வடமொழிச் 'சிவ' என்பதும் இச்சொல்லும் ஒரே மூலத்தவை என மொழிநூலார் பலர் கொள்வர். சைவர்களுக்கு இனிக்கும் செய்திதான். அதன்மேல் எதனையும் கட்டியெழுப்புவதற்கில்லை. நம் ஆய்வுக்கு வேண்டுவது, தந்தையும் உடையானும் இடையில் நில்லாத ஒரு பெயர் மனித மொழியில் இயலும் என்பதே.

அரிஸ்டோட்டிலின் தடை வலிமையுடையதே. நேற்று வந்து நாளை செல்லும் வழிப்போக்கனை நாட்டின் ஆட்சியில் பங்காளியாக்குமாறு யாரும் கேட்பதில்லை. எந்நாட்டு அரசும் தன் உறுப்பினர் யாவர் என வரையறுத்தே ஆக வேண்டும். அவ்வாறு வரையறுக்கும் உரிமை புதிதாக விடுதலை பெற்ற அரசுக்கும் உண்டு. எனினும் வழிப்போக்கனுக்கும் மூன்று தலைமுறையாக ஒரே மண்ணில் உழைத்தவனுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எவ்வளவைக்கோலால் அளப்பது என்பதே வினா. அவ்வினா இலங்கையில் ஏட்டு வினாவாக நின்றுவிடவில்லை.

1948 பெப்ரவரி 4ஆம் நாள் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் நிறைவேறிய 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம், நவம்பர் 15ஆம் நாளை நியமித்த நாளாகக் கொண்டது. அந்நாளுக்கு முன் இலங்கை மண்ணில் பிறந்தவர் என்பதனாலேயே ஒருவர் பிரசையாக முடியாது. அவருடைய தந்தை இங்கு பிறந்திருத்தல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். அந்நாளில் அல்லது அதன் பின் பிறந்தோர்க்குத் தந்தை பிரசையாயிருத்தல் வேண்டும். 'யாருடைய பிள்ளை?' என்னும் பழைய வினா, அரசன் போன பின்னரும், சட்டத்தின் வாயிலில் வந்து நின்றது. சட்டம் ஆங்கிலத்தில் இயற்றப்பட்டதாயினும், தமிழில் அதற்கு வாய்த்த 'பிரசை' என்னும் பெயர், பிறப்பை முதன்மைப்படுத்திய அதன் உள்ளக்கிடக்கைக்கு மூலத்திலும் பொருத்தமாய் அமைந்தது. சிங்களச் சொல்லின் நேர்ப்பொருளோ வசிப்பவன். வசிப்போரைக் குறிக்கும் பெயராலேயே வசிப்போர் பலர் வெளியே நிறுத்தப்பட்டனர்.

மட்டக்களப்பான் ஒருவன் தன் ஊர்க்கோயிலில் தாயின் வழியால் குடியைச் சேர்ந்தவன். நாட்டின் சட்டத்திலே தந்தையின் வழியாலேயே பிரசை. தாய்வழியாலும் பிரசாவுரிமை வரலாம் என்னும் திருத்தம் 2003ஆம் ஆண்டிலேயே வந்தது.

இச்சட்டத்தின் முழுச் சுமையும் மலையகத்தின் மீது வீழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்டோரின் வழிவந்தோர் அங்கு வாழ்ந்தனர். கங்காணியிடம் பட்ட கடனை ஒரு சீட்டில் எழுதி, அக்கடனோடு தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய 'துண்டு' முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. சோழர் ஓலையில் நிலத்தோடு நின்ற குடியையும் துரைமாரின் துண்டில் கடனோடு சென்ற குடியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தல் தகும். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அம்மக்கள் வாக்களித்தனர். தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அந்நியர் ஆட்சியிலே தோட்டத் தொழிலாளியும் யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணியும் கண்டிப் பிரதானியும் முடிக்குக் கீழ்ப்பட்டோர் என்ற அளவில் ஒரே பெயருடையோர். சுதந்திரம் அப்பொதுப் பெயரை நீக்கியது. ஒரு பகுதியினர் பிரசைகளாயினர். மற்றொரு பகுதியினருக்குப் பெயரே இல்லாது போயிற்று.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் தலைப்பு மிகுந்த கவனத்துக்குரியது: இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம். 'வதிவோர்' என்று ஒப்புக்கொண்டே, வதிந்தமையை நிறுவுமாறு அது கேட்டது. 1946 யனவரி 1ஆம் நாளுக்கு முன்னர் மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது வதிந்திருத்தல் வேண்டும். போதிய வருமானமும் காட்டல் வேண்டும். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரை உள்ளடக்கி விண்ணப்பங்கள் வந்தன. ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 134,000 பேரே. அதே 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு வாக்குரிமை பிரசைகளுக்கே உரியதாக்கப்பட்டது. அரிஸ்டோட்டில் தந்த வரைவிலக்கணத்தைத் திருப்பிப் படித்தது போன்ற செயல் இது. ஆட்சியில் பங்குகொள்வோன் உறுப்பினன் என்றார் அவர். உறுப்பினனாகாதவாறு செய்து பின்னர் பங்கைப் பறித்தனர் இவர்கள். வடக்குக் கிழக்குத் தமிழரும் இதில் கைகழுவி நிற்க இயலாது. தமிழ்த் தலைவர்கள் இக்கேள்வியில் பிளவுண்டனர். 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றியதற்கு இப்பிளவும் காரணம். ஊர்ப் பேச்சிலோ 'தோட்டக்காட்டான்', 'கள்ளத்தோணி' என்னும் சொற்கள் தமிழ் வாய்களிலும் தாராளமாய்ப் புழங்கின. சட்டம் பெயரைப் பறித்த இடத்தில் ஊர் இப்பெயர்களை இட்டது.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் புதுடில்லியில் ஏற்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் வகுத்தது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். நூற்றைம்பதினாயிரம் உயிர்களைச் சரிபாதியாக வகுக்க இயன்றமை, அவ்வெண் இரட்டைப்படையாய் அமைந்த நல்லூழ் போலும்!

நாடற்றோராய்ப் பல்லாண்டுகள் தாமே வாழ்ந்த ஹன்னா ஆரென்ட், 1951இல் வெளியான தம் நூலில், மனித உரிமைகள் யாவும் ஏதேனும் ஒரு நாட்டுக்கு உரியோர்க்கே நடைமுறையில் வாய்க்கின்றன என்றும், உரிமைகளைப் பெறுவதற்கான உரிமையே முதலில் இழக்கப்படுவது என்றும் வாதிட்டார். 1789இல் பிரான்சியப் புரட்சியாளர் வெளியிட்ட பிரகடனம் மனிதனுடையவும் பிரசையுடையவும் உரிமைகளைப் பற்றியது. 'மனிதனும் பிரசையும்' என்னும் தொடரில் இருவரும் ஒருவரே என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். அவ்வும்மை இருவரைப் பிரிக்கவும் வல்லது என்பதைப் பிற்காலம் காட்டிற்று.

1978ஆம் ஆண்டு யாப்பில் இப்பிரிவினை வெளிப்படையாகவே உள்ளது. சட்டத்தின் முன் சமத்துவம் எல்லா ஆட்களுக்கும் உரியது. பேச்சு, ஒன்றுகூடல் முதலிய சுதந்திரங்கள் பிரசைகளுக்கே உரியன. ஆயின் எந்நாட்டினதும் பிரசையாயிராது இலங்கையில் நிரந்தரமாகவும் சட்டமுறையாகவும் வதிந்தோர்க்கு என்ன வழி? யாப்பு நடைமுறைக்கு வந்ததிலிருந்து பத்தாண்டுகளுக்கு அவர்களும் அவ்வுரிமைகளைத் துய்க்கலாம் என்றது 14ஆம் உறுப்புரை. பேசும் உரிமைக்குத் தவணை குறித்த ஏற்பாடு இது. அதே யாப்பின் 26ஆம் உறுப்புரையை நியாயத்தின் பொருட்டுக் குறிப்பிடுதல் வேண்டும். வழிமரபால் வந்தவராயினும் பதிவால் வந்தவராயினும் எல்லாத் தேவைகளுக்கும் 'இலங்கைப் பிரசை' என்ற ஒரே பெயராலேயே விவரிக்கப்படுதல் வேண்டும் என அது விதித்தது. 'பதிவுப் பிரசை' என்ற அடைமொழி எத்துணை உறுத்தியிருந்தால், அதனை நீக்க நாட்டின் அடிப்படைச் சட்டமே ஒரு சொல்லை விதிக்க நேர்ந்திருக்கும் என்பதை ஊகித்தறியலாம்.

1986ஆம், 1988ஆம் ஆண்டுகளில் வந்த சட்டங்களுக்குப் பின், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் மற்றோர் அளவைக்கோலைக் கையிலெடுத்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்து வரும் இந்திய வம்சாவளியினரும், அவ்வாறு வதிந்தோரின் வழித்தோன்றல்களும் பிரசைகளாவர் என்றது. தந்தை பாட்டன் பூட்டன் என ஏறிச்சென்ற வினா கைவிடப்பட்டு, இங்கு வாழ்ந்தனையா என்ற வினா கேட்கப்பட்டது. 1948இல் கேட்டிருக்கக்கூடிய வினாவே அது; அப்போது கேட்டிருந்தால் விடையும் இதுவாகவே இருந்திருக்கும். இடையில் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. இக்காலம் முழுவதும் பத்தாண்டுக்கொருமுறை எடுக்க முயன்ற கணக்கெடுப்பில் அரசு அம்மக்களை எண்ணியே வந்தது. அக்கணக்குக்குத் தமிழில் வழங்கும் பெயர் குடிசன மதிப்பு. எண்ணும்போது குடிசனம், வாக்குக் கேட்கும்போது அந்நியர் என்னும் இரட்டை வழக்கு, பிற ஆட்சி மொழிகளில் இத்துணை வெளிப்படையாய்த் தெரியாது. தமிழ் அதனைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

பிரசை என்ற பெயர் இவ்வாறு கிடைத்தது. 'குடி' என்ற சொல்லின் முதற்பொருளாகிய வீடோ இன்னும் எஞ்சி நிற்கின்றது. மலையகத்துக் குடும்பங்கள் பல இன்றும் வாழ்வது தோட்டங்களுக்கென ஆங்கிலேயர் காலத்தில் எழுப்பிய லயங்களிலாகும். அந்நிலம் அரசினது, 1990களிலிருந்து பெருமளவில் கம்பனிகளின் குத்தகையில் உள்ளது. அறை ஒன்றிலே தாத்தாவும் பிறந்திருப்பார், பேரனும் பிறந்திருப்பான். அவ்வறைக்கு உறுதி அவர்கள் பெயரில் இராது. அவர்களின் முகவரியில் வீதியின் பெயரும் வீட்டின் இலக்கமும் இருக்க வேண்டிய இடத்தில் தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் உள்ளன. தேர்தல் ஆணைக்குழுவின் வாக்காளர் அட்டையும் மகளுக்கு வந்த பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் தோட்ட அலுவலகத்தின் கைவழியாகவே வந்து சேரும் இடங்கள் இன்னும் உள்ளன.